கைக்குட்டை ஜாடியில் இருந்த மூச்சு

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் முகம்மது கவுஸ், ஏழெட்டு வருடங்கள், என்றைக்கோ இறந்துபோன இத்தாலிக்காரர்களின் மூச்சை இழுத்துத்தான் உயிரோடு இருந்தார். ஊரில் இது ரகசியமில்லை. மக்காச்சோளம் மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று சொல்வதைப் போலவே, பாய் இன்றைக்கு எந்த ஜாடியை முகர்கிறார் என்பதையும் பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. அரிசி மில்களின் தவிட்டுத் தூசி காற்றில் கலக்கும் மாதங்களில் அது நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் மருந்துப் பம்பு வைத்திருந்தார். ஒரு குடத்தின் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில், பேரம் பேசத் தெரியாதவர்கள்கூட விலையைக் குறைத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது வழக்கம். மனைவி மெகருன்னிசாவும் கூடப் போவாள். ஒருமுறை திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொள்ள, கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் தெரு ஒன்றில், பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் ஒதுங்கினார்கள். பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர்கள் விட்டுப்போன மேசை, நாற்காலி, பியானோ எல்லாம் அங்கே கூரைவரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் தெய்வசிகாமணி ஈசிசேரில் படுத்திருந்தார். ஜன்னலோரத்தில் ஒரு ஜாடி. உள்ளே நீலம், நீலத்தைச் சுற்றிப் பச்சை, பச்சையைச் சுற்றித் தண்ணீரைப் போன்ற தெளிவு. ஒன்றுக்குள் ஒன்று மூழ்கிக் கிடந்த நிறங்களைப் பார்த்ததும் மெகருன்னிசா மழையை மறந்தாள். ஜாடியின் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது. மனைவி நன்றாகப் பார்க்கட்டும் என்று கவுஸ் அதைக் கையில் எடுத்துத் தூசியை ஊதினார். ஜாடி திருப்பி ஊதியது.

அவருடைய நெஞ்சு, பல வருடம் துருப்பிடித்துக் கிடந்த ஷட்டர் போல ஒரே தூக்கில் மேலே போனது. கவுஸ் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார். தெய்வசிகாமணிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. "வெனிசு பக்கத்துல முரானோன்னு ஒரு தீவுங்க பாய். இரும்புக் குழல் முனையில காய்ச்சுன கண்ணாடியச் சுருட்டி எடுத்துகினு, இந்தப் பக்கம் வாய வச்சு ஊதுவாங்க. ஊதுன மூச்சு எங்க போவும்? அதுக்குள்ளதான் இருக்கும்" என்றார். ஊதினவர் இன்னும் இருக்கிறாரா என்று மெகருன்னிசா கேட்டாள். "எழுவது வருசத்து ஜாடிம்மா இது. அவரு போய்ச் சேந்திருப்பாரு. மூச்சு மட்டும் இங்க நின்னுகினு இருக்குது." ஊருக்குத் திரும்பும் பேருந்தில் கவுஸ் அந்த ஜாடியை மடியில் வைத்து, விழுப்புரத்தில் ஒருமுறையும் உளுந்தூர்பேட்டையில் ஒருமுறையும் முகர்ந்தார். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரு பழைய பாட்டு முழுவதையும் நிறுத்தாமல் பாடினார். திருமணமாகி அத்தனை வருடத்தில் கணவனுக்குப் பாடத் தெரியும் என்பதை மெகருன்னிசா அன்றைக்குத்தான் அறிந்தாள்.

அதற்குப் பிறகு ஜாடிகள் வரத் தொடங்கின. சில புதுச்சேரியிலிருந்து, சில ஏற்காட்டுப் பழைய பங்களா ஒன்றிலிருந்து. கவுஸின் தம்பி சர்புதீன் ஷார்ஜாவில் பழைய சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். அவர் ஒவ்வொரு விடுமுறைக்கும் கம்பளிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தவைதான் அதிகம். ஒவ்வொரு ஜாடியின் மூச்சும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஆரஞ்சுக் கோடு போட்ட நெட்டை ஜாடியில் வெங்காய வாடை அடித்தது. புகை நிறக் கிண்ணத்தை ஊதியவர் அன்றைக்குக் கோபமாக இருந்திருக்க வேண்டும். அதை முகர்ந்துவிட்டுக் கடைக்குப் போகும் நாட்களில் கவுஸ் யாருக்கும் விலை குறைக்கமாட்டார். சிவப்புக் குப்பி ஒன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மூச்சே விடாது. போலிகளும் வந்தன. இயந்திரத்தில் வார்த்த ஜாடியை மூக்கருகில் கொண்டுபோனதுமே கவுஸ் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது கம்ப்ரசர் காத்து மெகரு. பஞ்சர் கடைக்கி ஆவும்" என்பார்.

வீட்டை அலங்கரித்தது மெகருன்னிசா. கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் ஷோகேஸை ஒரு பெண்ணின் சீர்வரிசைக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, சுவர்களுக்கு வெள்ளை அடித்து, கல்வராயன் மலையிலிருந்து வந்த பலா மரப் பலகையில் அலமாரித் தட்டுகள் போட்டாள். தொழுகிற வீடு என்பதால் பறவை, மீன், கோமாளி பொம்மைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குவதில்லை. ஜாடி, தட்டு, கிண்ணம், விளக்கு மட்டும்தான். தேன் நிறத்தவை சமையலறை ஜன்னலுக்குப் போயின. காலை வெயில் அவற்றின் வழியாக வந்து தோசைக் கல்லின் மேல் விழும். கூடத்தில் மின்விசிறியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிப் பூக்கள் தொங்கும் சரவிளக்கை மாட்டினாள். அதில் இருந்த எல்லாப் பூக்களும் ஒன்றாக மூச்சு விட்டதால் மின்விசிறி இல்லாத குறை தெரியவில்லை. அறைக்கு ஒரு நிறம் என்று பிரித்து, பகல் முழுக்க வெயில் நகர நகர ஜாடிகளை நகர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் ஜூஸ் கடை மாதிரி இருக்கிறது என்றார்கள். பிறகு விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டினார்கள்.

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. கவுஸுக்கு ஜாடி என்றால் மூச்சு. எல்லாம் கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் நல்லது. மெகருன்னிசாவுக்கு வெயில் எங்கே விழுகிறதோ அங்கே இருக்க வேண்டும். ஒருமுறை, ஆயிரம் குட்டிப் பூக்களை உள்ளே உறையவைத்த கனமான கண்ணாடிக் குண்டு ஒன்றை வாங்கிவந்தாள். முழுக்கக் கெட்டி. கவுஸ் அதை எல்லாப் பக்கமும் முகர்ந்து பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியே. இன்னாத்துக்கு வாங்குன?" "அழகு இருக்குதுங்க" என்றாள். அவளுக்கு மிகவும் பிடித்தது, சர்புதீன் கொண்டுவந்த கைக்குட்டை ஜாடி. பால் வெள்ளையில் ரோஜா நிறக் கோடுகள் ஓட, யாரோ காற்றில் விட்டெறிந்த கைக்குட்டை கீழே விழுவதற்குள் கண்ணாடியாகிவிட்டதைப் போல ஓரமெல்லாம் நெளிந்திருக்கும். கவுஸுக்கும் அதுதான் பிடித்தது. அதை ஊதியவர் நல்ல தூக்கம் தூங்கி எழுந்து வந்தவர் என்றார்.

கொரோனா இரண்டாவது அலை வந்த வருடம், நைனார்பாளையத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் ராஜாங்கம், குட்டி யானை வண்டியின் பின்பக்கத்தில் மனைவி தங்கமணியைப் படுக்கவைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மகளின் கல்யாணப் பாத்திரம் முழுவதையும் கவுஸ் கடையில் எடுத்தவர். "பாய், ஒரு ஜாடி குடுங்க. ஆஸ்பத்திரியில பெட்டு கெடைக்கிற வரைக்கும் தாங்குனா போதும்" என்றார். கவுஸ் மனைவியைப் பார்த்தார். மெகருன்னிசா முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, கைக்குட்டை ஜாடியையே எடுத்துப்போய் வண்டியில் ஏறி, தங்கமணியின் மூக்கருகில் பிடித்தாள். செய்தி பரவியது. கருணாபுரத்திலிருந்து சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறவர்கள், யார் யாரோ வந்தார்கள். பந்தல் போட்டுத் தள்ளித்தள்ளி நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு ஜாடி. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுமுன் மெகருன்னிசா வெந்நீரில் கழுவித் துடைத்தாள். வந்த எல்லோரும் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் அதிகம். தங்கமணி பிழைத்தாள்.

அலை ஓய்ந்து பந்தலைப் பிரித்தபோதுதான் ஜாடிகள் மெலிந்திருப்பது தெரிந்தது. முன்பும் அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவந்தன. மெகருன்னிசா அதைக் கவனித்தும் கணவனிடம் சொன்னதில்லை. இப்போது ஒளித்துவைக்க வழியில்லை. ஒயின் நிறம் ரோஜாவாகி, ரோஜா அரிசிக் கழுநீராகி, சுவர்கள் வெங்காயத் தோல் அளவுக்கு மெல்லிசாகிவிட்டன. ஒரு நாள் காலையில், முதன்முதலாக வாங்கிய நீலப் பச்சை ஜாடி அலமாரித் தட்டில் இல்லை. உடையவுமில்லை, திருட்டுப் போகவுமில்லை. தீர்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது. மெகருன்னிசா அந்தத் தட்டை மட்டும் துடைக்காமல் விட்டாள்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் எந்த ஜாடியும் மெலியவில்லை. கவுஸ் மெலிந்தார். கடையில் விலை சொல்லும்போது மறுபடியும் இரண்டு இடத்தில் நின்றார். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தவரின் எதிரில் மெகருன்னிசா வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, ஒரு ஜாடியும் கம்மியாவல. நீங்கதான் கம்மியாய்க்கினு வர்றீங்க."

"பம்பு இருக்குது மெகரு."

"பம்பு இருந்தா நெஞ்சு ஏன் இப்டி வாங்குது?"

கவுஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்த வட்டத்த நீ தொடைக்காம வச்சிருக்கிறதப் பாத்தேன். இந்த வூட்டுல நீ ஆசப்பட்டுச் சேத்தது இதுங்க மட்டுந்தான். அதயும் நானே இழுத்துத் தீத்துட்டா?"

"நல்லாருக்குது ஞாயம். நீங்க போனப்புறம் வெயிலுக்கு ஜாடிய நவுத்திக்கினு நான் யாருக்குக் காட்டிகினு இருக்கப்போறேன்?"

அன்றைக்கு இருவருமே சாப்பிடவில்லை. சாயங்காலம் அவள் புகை நிறக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்களுடைய மகள் ஷாஜியா கல்வராயன் மலையில், வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். விஷயம் காதுக்கு வந்ததும் போன் செய்தாள். "அத்தாவ இங்க கூட்டியாம்மா. மலைக் காத்துல கொஞ்ச நாளு இருக்கட்டும்." கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறும் பேருந்தில் இருவரும் போனார்கள். கவுஸுக்குத் தெரியாமல், ஒயர் கூடைக்குள் துண்டில் சுற்றி, மெகருன்னிசா கைக்குட்டை ஜாடியையும் எடுத்துவந்தாள். அதன் கோடுகள் அழிந்துபோயிருந்தன. வெயிலில் பிடித்தால் ஓரம் மட்டும் மினுங்கும். முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. கவுஸ் சாமைக் காட்டு வரப்பில் நடந்தார், கடுக்காய் பொறுக்குகிறவர்களோடு பேசினார், மகள் வைத்த குழம்பைக் குறை சொன்னார். பிறகு ஒரு நாள் நண்பகலில், ஷாஜியா வேலையில் இருந்தபோது, இருவரும் பலா மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டிருக்க, மேலேயிருந்து மூடுபனி இறங்கியது. கவுஸின் நெஞ்சு மூடிக்கொண்டது. பம்பு இரண்டு முறை சீறிவிட்டு ஓய்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடம் வளைவுக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. அவ்வழியே போன பெண்ணொருத்தியை ஷாஜியாவிடம் ஓடச் சொல்லிவிட்டு, மெகருன்னிசா துண்டைப் பிரித்து ஜாடியை அவர் மூக்கில் வைத்தாள். அவரும் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் ஜாடிக்குள் பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் ஜாடியைத் திருப்பித் தன் வாயில் வைத்தாள். யோசித்தெல்லாம் செய்யவில்லை என்று பின்னால் சொன்னாள். ஈர விறகை ஊதி எரியவைத்த நாட்களில் ஊதுவதைப் போல, அடிவயிற்றிலிருந்து எடுத்து ஊதினாள். ஜாடி கொஞ்சம் உப்பியது. மறுபடி ஊதினாள். அடியிலிருந்து ஒரு நிறம் ஏறியது. பழைய ரோஜா நிறம் இல்லை, மாந்தளிரின் செம்பு நிறம். நெளிந்த ஓரம்வரை அது ஏறி நின்றதும் ஜாடியைக் கணவனின் மூக்கருகில் கொண்டுபோனாள். கவுஸ் இழுத்தார். ஷட்டர் மேலே போனது. இன்னொருமுறை இழுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"ஏலக்கா வாசன வருதே. இத்தாலிக்காரன் ஏலக்கா தின்னுவானா?"

"நான் ஊதுனதுங்க."

கவுஸ் ஜாடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் சூடா இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஷாஜியா தள்ளுநாற்காலியோடு மூச்சிரைக்க ஓடி வந்தபோது, அவர் பலா மரத்தில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் மெகருன்னிசாதான் ஏறிப் போனாள். அவளால் நிற்கவே முடியவில்லை. இரண்டு நாள் தூங்கினாள். அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஷாஜியா கண்டிப்பாகச் சொன்னாள்: "தெனைக்கும் இப்டி ஊதுனா நீ படுத்துடுவம்மா. இதுவும் ரத்தம் குடுக்கிற மாதிரிதான். பல பேருகிட்ட கொஞ்சங் கொஞ்சமா வாங்கணும்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. மலையிலிருந்து இறங்கிய வாரத்தில் ராஜாங்கமும் தங்கமணியும் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு பார்க்க வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் தங்கமணி சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, "குடுங்கக்கா" என்று ஒரு குப்பியை வாங்கி ஊதினாள். அது சோளக் கதிரின் பட்டு நார் நிறத்துக்கு வந்தது. ராஜாங்கத்தின் ஜாடி கருத்த பழுப்பாக நின்றது. "என் மூச்சுல பீடி நாத்தம் அடிக்குதா பாய்?" என்று கேட்டார். "அடிக்குது ராஜாங்கம். பரவால்ல, ஆளு நீதானே" என்றார் கவுஸ், இருமிக்கொண்டே. திரும்பிப் போகும்போது வண்டியில் தங்கமணி என்ன பேசினாளோ, ராஜாங்கம் பீடியை விட்டுவிட்டார். வருடம் திரும்புவதற்குள் அவருடைய ஜாடி நன்னாரி சர்பத் நிறத்துக்குத் தெளிந்தது. பந்தலில் உட்கார்ந்து பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் வந்தார்கள். புது மணமக்கள் வந்து ஒன்றாக ஊதிய தட்டு ஒன்று பல மாதம் நிறம் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருந்து, அவர்களுடைய முதல் சண்டைக்குப் பிறகு ஒரு நல்ல பச்சையில் நின்றது. நீலப் பச்சை ஜாடி திரும்பவில்லை. மெகருன்னிசா அந்த வட்டத்தின் மேல், மூச்சில்லாத கண்ணாடிப் பூக்குண்டை எடுத்து வைத்தாள். கவுஸ் அதைத் துடைத்து வைக்கும் வேலையைத் தாமாகவே எடுத்துக்கொண்டார்.

அலங்காரம் எல்லாவற்றையும் அவள் முதலிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது. இந்த நிறங்களை எந்த வெயிலில் வைப்பது என்று அவளுக்குப் பழக ஒரு கோடை ஆனது. சென்னையிலிருந்து தேவிப்ரியா என்ற பெண்மணி, பழைய இத்தாலியக் கண்ணாடிகளை வாங்கி விற்கிறவர், கேள்விப்பட்டு வந்தார். வடிவங்களைப் பார்த்தார், அடியில் இருந்த முத்திரைகளைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இந்த நிறங்களை இத்தாலியில் யாரும் செய்ததில்லை, தன்னால் இவற்றை எங்கேயும் விற்க முடியாது என்றார். விற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று மெகருன்னிசா சொல்லி, தேநீர் கொடுத்தாள். கூடத்தில் அந்திவெயில் ஏறி, எல்லாத் தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரத் தொடங்கியதும் அந்தப் பெண்மணி தேநீரை ஆறவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது தயக்கத்தோடு, நானும் ஊதலாமா என்று கேட்டார். அவருடையது தூரத்து மழை மேகத்தின் நிறம். கவுஸ் அதை விசேஷ நாட்களில் மட்டும் எடுக்கிறார்.

இப்போது அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், வேறு வீடுகளில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதைப் போல, ஒரு மூச்சு கொடுக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். வந்தவர்களும் கொடுக்கிறார்கள். போன மாதம் மின்சாரக் கணக்கெடுக்க ஜெயப்பிரகாஷ் என்ற புது ஆள் வந்தார். இந்த வட்டாரத்துக்கு மாற்றலாகி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தெருவில் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மெகருன்னிசா நீட்டிய ஆரஞ்சுக் குப்பியில் ஒரு மூச்சு ஊதிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். கவுஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குப்பியை மூக்கில் வைத்து இழுத்தார்.

"மெகரு, அந்தத் தம்பி காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல."

மெகருன்னிசா வாசலுக்குப் போய்க் கை தட்டிக் கூப்பிட்டாள். ஜெயப்பிரகாஷ் பக்கத்து வீட்டு மீட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, சமையலறை ஜன்னலுக்குக் கீழே, தேன் நிற வெளிச்சத்தில் உட்கார்ந்து நான்கு தோசை சாப்பிட்டார். கவுஸ் இன்னொருமுறை குப்பியை முகர்ந்துவிட்டு, சட்னி கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.